நான் நடித்த நடுக்கம்

எங்கள் படங்களில் குடிகாரனுக்கு விக்கல் வரும். கால்களைப் பின்னிக்கொண்டு நடப்பான். விளக்குக் கம்பத்தைக் கட்டிப்பிடித்து அதனுடன் நியாயம் பேசுவான். கதாநாயகன் குடித்தால் விக்கல் வராது, பாட்டு வரும். குடியை விடுவதும் படங்களில் ஒரு பாட்டு நீளந்தான். மனைவி தாலியைப் பிடித்துக்கொண்டு அழுவாள், போத்தல் சுவரில் பட்டு உடையும், அடுத்த காட்சியில் அவன் நெற்றி நிறையத் திருநீற்றோடு வேலைக்குப் புறப்படுவான். நான் வாசித்த நாவல்களிலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரு அத்தியாயம் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் திருந்திவிடுவார்கள், அல்லது செத்துப்போவார்கள். போத்தல் உடைந்ததற்கும் திருநீறு பூசியதற்கும் இடையில் வருகிற காலை நேரங்களை யாரும் காட்டி நான் பார்த்ததில்லை.

அந்தக் காலை நேரங்களை நான் இரண்டு பேரிடம் பார்த்திருக்கிறேன். ஒருவன் என் அயலில் இருந்த கூலி விவசாயி. மற்றவன் நான். அவனுடைய காலைகளை எடுத்து நான் மேடையில் வைத்தேன், அதுவும் தலைகீழாக. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். எனக்கு எண்பது வயது நெருங்குகிறது. இதை யாரிடமாவது சொல்லிவிட்டுப் போகவேண்டும்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் நான் அக்கராயனில் ஒரு பாடசாலையில் உப அதிபராக இருந்தேன். தமிழும் படிப்பித்தேன். போரில் கிளிநொச்சி நகரம் காலியாகி, அங்கிருந்த சனமும் அதற்கு முன்பே யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சனமும் குளத்தைச் சுற்றிக் கொட்டில்கள் போட்டிருந்த காலம். நானும் மனைவியும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வயல் ஓரமாகக் கிடுகால் வேய்ந்த ஒரு சிறிய வீட்டில் இருந்தோம்.

ஊரில் என்னைக் குடிக்காத மனிதன் என்றுதான் நினைத்திருந்தார்கள். நான் அரிஷ்டம் குடிப்பேன், வாய்வுக்கு என்று. குசினித் தட்டில் லேபல் ஒட்டிய ஒரு கபிலநிறப் போத்தல் எப்போதும் இருக்கும். வன்னிக்குள் மருந்துகள் வருவது குறைந்து, தலையிடி மாத்திரைக்கே சனம் அலைந்த நாட்களிலும் அந்தப் போத்தல் வற்றவில்லை. அதற்குள் இருந்தது கசிப்பு, களவாகக் காய்ச்சுகிற சாராயம். நிறத்துக்காகத் தேயிலைச் சாயம் கலந்துவைப்பேன். காலையில் பாடசாலைக்குப் போகமுன் இரண்டு மூடி, மத்தியானம் இரண்டு, படுக்கமுன் மட்டும் மூடி இல்லாமல். மூடியால் அளந்து குடிப்பவன் குடிகாரன் அல்ல என்று எனக்கு நானே சொல்லி வைத்திருந்தேன். ஆனால் காலையில் அந்த இரண்டு மூடியும் இல்லாவிட்டால் கரும்பலகையில் என் எழுத்து கோணிப்போகும். என் மனைவிக்கு எல்லாம் தெரியும். ஒருநாளும் கேட்டதில்லை. தட்டைத் துடைக்கும்போது மற்றப் போத்தல்களைத் தூக்கித் துடைப்பாள். இதை மட்டும் தூக்காமல் சுற்றித் துடைப்பாள்.

அயலில் இருந்த அந்தக் கூலி விவசாயிக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். மலையகத்தில் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்து லயத்தைக் கொளுத்தியபோது தாய் தகப்பனோடு வன்னிக்கு வந்தவன். மற்றவர்களுடைய வயலில் வரம்பு கட்டுவான், நெல் வெட்டுவான், சூடு மிதிப்பான். இருபது வருடம் அந்த மண்ணில் வேலை செய்தும் ஊருக்கு அவன் 'தோட்டக்காட்டான்'தான். அந்தச் சொல்லை அவனுக்கு முன்னாலேயே சொல்வார்கள். நான் அப்படிச் சொன்னதில்லை. சொன்னவர்களைத் தடுத்ததும் இல்லை.

அவனும் கசிப்புக் குடித்தான். என்னைப்போல மறைக்க அவனிடம் தட்டும் இல்லை, லேபலும் இல்லை. ஒருநாள் வெறியில் மண்வெட்டிப் பிடியால் மனைவியின் முகத்தில் அடித்தான். அவளுக்கு முன்பல் ஒன்று போனது. ஒன்பது வயது மகளையும் கூட்டிக்கொண்டு அவள் முத்தையன்கட்டுப் பக்கம் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போனாள். போகும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அடுத்த நாளே அவன் அதை என்னிடம் வந்து ஒப்புவித்தான்.

"விட்டுட்டேன்னு நீ சொன்னா நம்பமாட்டேன், மாஸ்டர் எழுதினா வர்றேன்னு சொல்லிட்டுப் போயிட்டா. நான் விடப்போறேங்க. நீங்க பாத்துக்கிட்டு இருக்கணும். அப்புறமா ஒரு கடுதாசி எழுதணும்."

"விட்டால் எழுதுறன். பொய் எழுதமாட்டன், கண்டியோ."

"பொய் வேணாங்க. அதுக்குத்தானே உங்ககிட்ட வந்தேன்."

காலை நேரம்தான் அவனுக்குக் கஷ்டம். ஆகவே விடிந்ததும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவான். குசினி வாசலில் குந்தியிருப்பான். முதல் மூன்று நாள் வேலியோரம் போய்ப் போய் வாந்தி எடுத்தான். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. ஒன்றும் இல்லாத நிலத்தில் எறும்பு ஊர்கிறது என்று காலை இழுத்து இழுத்து வைத்தான். என் மனைவி அவனுக்கு ஒரு தகரப் பேணியில் தேத்தண்ணியும் ஒரு துண்டு பனங்கட்டியும் கொடுப்பாள். பேணியை அவனால் வாய்க்குக் கொண்டுபோக முடியாது. பாதி நெஞ்சில் ஊற்றுண்டு போகும்.

நாலாம் நாள் அவன் ஒரு வழி கண்டுபிடித்தான். தோளில் கிடந்த துவாயை எடுத்து அதன் ஒரு தலைப்பைப் பேணி பிடித்த வலது கையில் சுற்றினான். துவாயைக் கழுத்துக்குப் பின்னால் விட்டு, மற்றத் தலைப்பை இடது கையால் மெல்ல மெல்ல இழுத்தான். கிணற்றிலிருந்து வாளி வருவதுபோல வலது கை நெஞ்சோடு உரசிக்கொண்டு மேலே வந்தது. பேணி உதட்டில் முட்டியது. ஒரு சொட்டும் சிந்தாமல் குடித்து முடித்தான்.

"மெசினு மாதிரி இல்ல மாஸ்டர்?" என்று சிரித்தான். "இன்னைக்கு நாலு."

என் மனைவி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

குடிக்கிறவனுக்குக் கை நடுங்கும் என்றுதான் சனம் நினைக்கிறது. அது பிழை. குடித்திருக்கும்போது நடுங்காது. நிறுத்தினால்தான் நடுங்கும். எங்களைப்போன்றவர்களுக்கு அது தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. அவன் கூட்டுறவுச் சங்கக்கடை வாசலிலும் தேத்தண்ணிக் கடையிலும் துவாயைச் சுற்றிக் குடித்தபோது ஊர் என்ன நினைத்தது என்பதும் எனக்குத் தெரியும். "உவன் விட்டிட்டானாம், கையைப் பாருங்கோவன்" என்று என்னிடமே சிரித்திருக்கிறார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

ஒவ்வொரு நாளும் வேலிப் படலையடியில் நின்று எண்ணைச் சொல்லிவிட்டுப் போவான். இருபத்தொன்று என்று சொன்ன அன்று நான் கடிதம் எழுதினேன். 'உமது கணவர் இருபத்தொரு நாட்களாக ஒரு சொட்டும் குடிக்கவில்லை. ஒவ்வொரு காலையும் நான் என் கண்ணால் பார்க்கிறேன். இதை என் பொறுப்பில் எழுதுகிறேன்.' அவ்வளவுதான். அவன் அதை என்னைக்கொண்டு இரண்டுதரம் வாசிப்பித்தான். முத்தையன்கட்டு வழியில் ஒட்டுசுட்டான் பக்கம் நெல் ஏற்றப்போகும் ஒரு ட்ரக்டர்க்காரரிடம் கொடுத்துவிட்டான்.

அந்த மாதத்தில்தான் நாடகம் வந்தது. ஊர்களில் கசிப்பு கூடிவிட்டது, அதற்கு எதிராக நாடகம் போடவேண்டும் என்று சொல்லப்பட்டது. எழுதும் வேலையை ஊர்ச் சங்கம் என்னிடம் தந்தது. அரைமணி நேரத்தில் முடியும் ஒரு நாடகம் எழுதினேன். குடிகாரன் வருகிறான், மனைவியை அடிக்கிறான், பிள்ளைக்குக் காய்ச்சல் வருகிறது, மருந்து வாங்க வைத்திருந்த காசை அவன் குடித்துவிட்டு வருகிறான், பிள்ளை சாகிறது, போத்தலை உடைக்கிறான். கடைசியில் வெள்ளை வேட்டியோடு வந்து சபைக்குப் புத்தி சொல்கிறான். நான் படங்களில் பார்த்துச் சலித்த அதே கதை. என் குசினியில் ஒவ்வொரு நாளும் நடந்துகொண்டிருந்ததில் ஒரு வரியும் அதில் இல்லை.

குடிகாரனாக நடிக்க ஒரு இளம் ஆசிரியரைப் பிடித்தோம். அவர் விக்கல் எடுத்தார், தள்ளாடினார், கண்ணைச் சொருகினார். ஒத்திகை பார்க்க வந்தவர்கள் கொட்டாவி விட்டார்கள். சங்கக்கடை மனேஜர்தான் சொன்னார்.

"மாஸ்டர், குறை நினையாதேங்கோ. இது படத்துக் குடிகாரன். எங்கட ஊர்க் குடிகாரன் இப்பிடியே இருப்பான்? அவனைக் கொண்டாங்கோ, சனம் விழுந்து விழுந்து சிரிக்கும்."

"சிரிக்கிறதுக்கோ நாடகம்?"

"சிரிச்சால்தானே ஐயா பிறகு அழும்."

அப்படியானால் நானே நடிக்கிறேன் என்றேன். ஏன் சொன்னேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். படிப்பித்துப் படிப்பித்து யாரும் எனக்குக் கைதட்டி நான் பார்த்ததில்லை. அது ஒன்று. இன்னொன்று, குடிகாரனாக நடிப்பவன் குடிகாரனாக இருக்கமாட்டான் என்று எல்லாரும் நம்புவார்கள்.

ஒத்திகையில் முதலில் எனக்கும் ஒன்றும் வரவில்லை. பிறகு மேசையில் இருந்த பேணியைக் கண்டேன். தோளில் துவாய் இருந்தது. கை தானாகப் போய் அதைச் சுற்றியது. கழுத்துக்குப் பின்னால் விட்டு இழுத்தேன். இடையில் துவாய் வழுக்குவதுபோலச் செய்து பேணியைத் திரும்பக் கீழே போகவிட்டேன். "ஏய், வா மேல, வந்துரு ராசாத்தி" என்று மலையகப் பேச்சில் அந்தப் பேணியோடு கதைத்தேன். மனேஜர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார்.

"ஐயோ மாஸ்டர், இது ஆரெண்டு சொல்லத் தேவையில்லை! அச்சு அவன்தான்! இதை எங்கை பிடிச்சனீங்கள்?"

"சும்மா வந்தது" என்றேன்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். நடுக்கத்தை நடிப்பதற்கு நடுங்காத கை வேண்டும். ஒவ்வொரு ஒத்திகைக்கு முன்னும் நான் மூன்று மூடி குடித்தேன்.

அவனுக்கு நாடகம் நடக்கப்போவது தெரியும். ஒரு காலை தேத்தண்ணி குடித்துக்கொண்டே கேட்டான். "கடைசியில திருந்துறானா மாஸ்டர்?"

"ஓம். திருந்துவான்."

"அப்ப நல்லது. அவளும் வர்றா. பதில் வந்துருச்சு." மடியிலிருந்து ஒரு கடதாசியை எடுத்துக் காட்டினான். "கூட்டிக்கிட்டு வந்து காட்டுறேன். நீங்க எழுதினதுன்னு சொல்லுவேன்."

நாடகம் தன்னை வாழ்த்துவதற்கு என்று அவன் நினைத்திருந்தான்.  அந்தத் துவாயை நாடகத்திலிருந்து எடுத்துவிட எனக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது.

நாடகம் நடந்த அன்று காலையில் அவள் மகளோடு வந்து இறங்கினாள். நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வந்தாள். கதைக்கும்போது உதட்டை இறுக்கி அந்தப் பல் இல்லாத இடத்தை மறைத்தாள். முத்தையன்கட்டில் மகள் படித்த பாடசாலையின் விடுகைப் பத்திரத்தை இரண்டு கையாலும் என்னிடம் தந்தாள். "திங்கக்கிழமையே சேத்துருங்க சார்" என்றாள். நான் அதை வரவுப் புத்தகத்துக்குள் வைத்தேன். அவன் புதிதாகச் சவரம் செய்து, தோய்த்த சட்டை போட்டிருந்தான். "நாப்பது மாஸ்டர்" என்றான். அவளுக்குக் கேட்கும்படி சற்று உரத்துச் சொன்னான்.

விமானம் வரும் பயத்தாலும் வெளிச்சத்துக்கு எண்ணெய் இல்லாததாலும் அப்போதெல்லாம் நாடகங்கள் பின்னேரம் நாலு மணிக்குத்தான். குளக்கட்டுக்குக் கீழே ஒரு பெரிய மருதமரத்தடியில் சனம் கூடியிருந்தது. அவர்கள் மூவரும் முன்வரிசைக்கு அடுத்த வரிசையில் இருந்தார்கள். பெண்கள் பக்கத்தின் ஓரத்தில் அவளும் மகளும், ஆண்கள் பக்கத்தின் ஓரத்தில் அவன், இடையில் ஒரு கயிறு. அவன் அந்தக் கயிற்றுக்கு மேலாக மகளோடு கதைத்துக்கொண்டிருந்தான்.

நான் பேணியை எடுத்துத் துவாயைச் சுற்றினேன்.  பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். "டேய், உன்னையடா காட்டுறார்! எழும்பி நில்லடா, சனம் பாக்கட்டும்!" சிரிப்பு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் பரவியது. தலைகள் எல்லாம் அவன் பக்கம் திரும்பின. மகளும் முதலில் சிரித்தாள். அவளுக்கு நான் செய்தது விநோதமாக இருந்திருக்கும். பிறகு எல்லாரும் தன் தகப்பனைப் பார்ப்பதைக் கண்டாள். சிரித்த வாய் அப்படியே திறந்தபடி நின்றது.

அவன் தோளில் அந்தத் துவாய் கிடந்தது. அவன் அதை மெல்ல இழுத்துச் சுருட்டி மடிக்குள் வைத்தான். நான் அதைப் பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். பார்த்தபிறகும், சிரிப்பு அடங்கத் தொடங்கியபோது, நான் அதை இன்னொரு முறை செய்தேன்.

முதல்முறை செய்ததற்கு ஏதாவது ஒரு காரணம் சொல்லலாம். நாடகம், நகைச்சுவை, சமூக நோக்கம் என்று. இரண்டாம் முறைக்கு என்னிடம் இன்றுவரை காரணம் இல்லை. எனக்கு அந்தச் சிரிப்பு வேண்டியிருந்தது.

கடைசிக் காட்சியில் வெள்ளை வேட்டியோடு நான் வந்து புத்தி சொன்னபோது அவர்கள் இருந்த இடம் வெறுமையாக இருந்தது.

பொழுது சாயும் நேரம் அவள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவன் படலைக்கு வெளியே நின்றுவிட்டான்.

"புள்ளையோட பத்திரத்தத் திருப்பிக் குடுங்க சார்."

"ஏன் பிள்ளை? திங்கட்கிழமை சேர்க்கிறதெண்டெல்லோ சொன்னனீர்?"

"நீங்க எழுதினது நெசமா, ஆடினது நெசமா?"

"அது நாடகம்."

"நாடகம்னு எனக்கும் தெரியும் சார். ஆனா துண்டச் சுத்துறது நாடகமா? இன்னைக்குக் காலையில டீ குடிக்கையில நானே பாத்தேன். கையி நடுங்குச்சு. குடிக்கலன்னு புள்ள தலையில அடிச்சுச் சத்தியம் பண்றாரு. பக்கத்துல இருந்த பொம்பளைங்க சொல்றாங்க, எந்த நாளும் கடையில இப்படித்தான் துண்டச் சுத்திக்கிட்டு நிப்பாரு, எங்க விட்டாருன்னு. ரெண்டு தடவை நம்பி ஏமாந்துட்டேன் சார். மூணாவது தடவை ஏமாந்தா நான் உசுரோட இருக்கமாட்டேன்." அவள் மூச்சு வாங்கினாள். "நீங்க படிச்சவங்க. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. குடிக்காம இருந்தா ஒரு மனுசனுக்குக் கையி அப்படி நடுங்குமா? நடுங்கும்னு நீங்க சொன்னா நான் இங்கயே இருக்கேன்."

என் மனைவி குசினி வாசலில் நின்றாள். அவளுக்குப் பின்னால் தட்டில் அந்தப் போத்தல் இருந்தது. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நடுங்கும். நிறுத்திய பிறகு கிழமைக்கணக்கில் நடுங்கும். அது அவன் குடிக்கவில்லை என்பதற்கு அடையாளம். இவ்வளவுதான் நான் சொல்லவேண்டியிருந்தது. உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்டிருப்பாளோ, மாட்டாளோ தெரியாது. கேட்டுவிடுவாள் என்று பயந்தேன்.

"எனக்கு உதுகளைப் பற்றித் தெரியாது பிள்ளை" என்றேன்.

என் மனைவி உள்ளே போய்விட்டாள். நான் வரவுப் புத்தகத்தைத் திறந்து விடுகைப் பத்திரத்தை எடுத்துக் கொடுத்தேன். அன்று நிறையக் குடித்திருந்தபடியால் என் கை ஆடாமல் இருந்தது. அவள் அந்தக் கையைப் பார்த்தாள், பத்திரத்தை வாங்கினாள், போனாள்.

அடுத்த நாள் விடிந்ததும் அவன் வழக்கம்போல வந்து குசினி வாசலில் குந்தினான். மனைவி தேத்தண்ணி கொடுத்தாள்.

"போயிட்டா மாஸ்டர். மொத ட்ரக்டர்லயே."

அவன் பேணியைக் கீழே வைத்தான்.

"நல்லா நடிச்சீங்க" என்றான். குரலில் கோபம் இல்லை. "அந்தச் சின்ன மாஸ்டருக்கு அது வராது. நடுங்கினவனுக்குத்தான் வரும்." தட்டைப் பார்த்தான். "மொத நாளே எனக்கு வாசம் தெரிஞ்சுச்சு. பெரிய மனுசரு, என்ன கஷ்டமோன்னு நெனச்சேன். யார்கிட்டயும் சொல்லல. அவகிட்ட கூடச் சொல்லல."

துவாய் இல்லாமல் பேணியைத் தூக்கினான். பாதி சட்டையில் ஊற்றுண்டது. எழுந்து போனான். படலையடியில் போகும்போது பழக்கதோஷத்தில் திரும்பி, "நாப்பத்தொண்ணு" என்றான்.

அவன் பிறகு எங்கள் வீட்டுக்கு வரவில்லை. இன்னும் எட்டு நாள் குடிக்காமல் இருந்திருக்கிறான் என்று அவனோடு வேலை செய்தவர்கள் சொல்லிப் பின்னர் அறிந்தேன். அந்த எட்டு நாளும் ஊர் அவனைத் 'துவாய்' என்று கூப்பிட்டது. தேத்தண்ணிக் கடையில் பேணியைக் கையில் கொடுத்துவிட்டு, "காட்டு, மாஸ்டர் காட்டினமாதிரிக் காட்டு" என்று சுற்றி நின்றார்களாம். பிறகு குடிக்கத் தொடங்கினான். வயல் வெட்டி முடியும் காலத்தில் ஒரு காலை வாய்க்காலில் முகம் குப்புறக் கிடந்தான். முழங்கால் அளவு தண்ணீரும் அதில் இல்லை. முத்தையன்கட்டுக்குச் செய்தி எழுதியதும் நான்தான். அவள் வந்தாள், காரியங்களை முடித்தாள், போனாள். என் பக்கம் திரும்பவில்லை.

அந்த நாடகத்தை நாங்கள் வேறு ஊர்களிலும் போட்டோம். சனம் துவாய்க் காட்சிக்காகவே வந்தது. அவன் செத்த பிறகும் இரண்டு ஊர்களில் நான் அதை நடித்தேன்.

என் மனைவி இரண்டாயிரத்தில் காலமானாள். மூன்று நாள் காய்ச்சல், அவ்வளவுதான். அந்த வீட்டில் அதற்குப் பிறகு அந்தப் போத்தலைச் சுற்றித் துடைக்க ஆள் இல்லை. அதைச் சுற்றித் தூசு படிந்து ஒரு வட்டம் உண்டாகியது. ஒரு வருடம் அந்த வட்டத்தைப் பார்த்துப் பார்த்துக் குடித்தேன். பிறகு ஒருநாள் போத்தலைக் கொண்டுபோய் வேலிக்குள் ஊற்றினேன். உடைக்கவில்லை. கழுவி மண்ணெண்ணெய் வாங்க வைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் காலையில் தேத்தண்ணிப் பேணியைத் தூக்க முடியாமல் கொடியில் கிடந்த துவாயை இழுத்து எடுத்தேன். ஒருவரும் பார்க்கவில்லை. ஒருவரும் சிரிக்கவில்லை. அவன் முதல்நாள் வந்து சொன்னதுபோலப் போய்ச் சொல்ல எனக்கு ஒருவரும் இருக்கவில்லை.

இருபத்தாறாம் நாள் நான் முத்தையன்கட்டுக்குப் போனேன். பஸ்ஸிலும் சைக்கிளிலுமாக ஒரு பகல் முழுக்கப் பயணம். அவள் அண்ணன் வளவுக்குள் தனியாக ஒரு கொட்டிலில் மகளோடு இருந்தாள். மிளகாய்த் தோட்டத்தில் கூலி வேலை. மகள் பதின்மூன்று வயதுப் பிள்ளையாக வளர்ந்திருந்தாள். என்னை அவளுக்கு உடனே தெரிந்தது. தாய்க்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

நான் வாசலில் குந்தமுன்பே சொன்னேன். கடிதத்தில் எழுதியது உண்மை. அவர் குடிக்கவில்லை. நிறுத்தினால்தான் கை நடுங்கும். அன்று எனக்கு அது தெரியும். ஏனென்றால் நானும் குடிகாரன். தெரிந்துகொண்டே தெரியாது என்றேன். இதையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னேன், பாடம் ஒப்புவிப்பதுபோல.

 அவள் காயப்போட்டிருந்த மிளகாயைக் காலால் கிளறிக்கொண்டிருந்தாள்.

"இத இப்ப எதுக்குச் சார் கொண்டாந்தீங்க?" என்றாள் பிறகு. "நான் நம்பாம விட்டுட்டுப் போனதாலதான் அவரு செத்தாருன்னு இனி நான் வேற நெனச்சுக்கிட்டு இருக்கணுமா?"

நான் அதை யோசித்திருக்கவில்லை. என் பாரத்தை இறக்கிவைக்க வந்தேன். அதை யார் தலையில் இறக்கினேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

"பிழை என்னிலைதான்" என்றேன்.

"அது தெரியுது" என்றாள்.

போவதற்கு எழுந்தேன். அவள் இருங்கோ என்றும் சொல்லவில்லை, போங்கோ என்றும் சொல்லவில்லை. மகளைப் பார்த்து, "கொப்பியும் பேனையும் எடுத்துட்டு வா" என்றாள். என்னிடம் சொன்னாள்: "அந்தக் கடுதாசிய நான் அன்னைக்கே கிழிச்சுப் போட்டுட்டேன். திரும்ப எழுதுங்க. இருபத்தொண்ணு இல்ல. கடைசியா எத்தன நாளு இருந்தாரு?"

"நாற்பத்தொன்பது நாள்."

"அத எழுதுங்க. இவ வச்சிருக்கட்டும். அப்பன் எந்நேரமும் குடிச்சுக் கிடந்தவன்னுதான் இவளுக்குத் தெரியும்."

கொப்பியை முழங்காலில் வைத்து எழுதத் தொடங்கினேன். 'உமது தகப்பனார் நாற்பத்தொன்பது நாட்கள்' என்பது வரை வந்தது. பின்னேரம் ஆகியும், களைப்பிலோ என்னவோ, கை காலை நேரம்போல ஆடியது. எழுத்துகள் கோட்டைவிட்டு மேலும் கீழும் போயின. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எழுதினேன். மகள் அதைக் குனிந்து பார்த்தாள். பிறகு தாயைப் பார்த்து, எனக்குக் கேட்காது என்று நினைத்து, மெல்லிய குரலில் சொன்னாள்.

"அம்மா, இவர் வெறியிலை நிக்கிறார்."

"இல்ல" என்றாள் அவள். "குடிக்கல. நிறுத்தியிருக்காரு."

சொல்லிவிட்டு உள்ளே போனாள். தேத்தண்ணியோடு வந்தாள். பேணியை என்னிடம் நீட்டமுன் ஒருகணம் என் கையைப் பார்த்தாள். பாதியைத் திரும்பக் கேத்தலுக்குள் ஊற்றிவிட்டு, மிச்சத்தைத் தந்தாள்.